விக்கிபீடியா மாணவர்க்குத் துணையே!



எதிரணித் தோழர் கேட்டார்: "யார் வேணும்னாலும் எழுதலாம்னா அது கலைக்களஞ்சியமா, கல்யாண வீட்டு மொய் நோட்டா?" நல்லாக் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். ஆனா, மொய் நோட்டுல யார் என்ன எழுதினாங்கன்னு பதிவு இருக்கும்ல? விக்கிபீடியாவிலும் 'வரலாறு' என்ற பகுதியைத் திறந்தால், எந்த வரி எந்த நாளில், எந்தக் கணக்கிலிருந்து மாறியது என்று அப்படியே கிடக்கிறது.

பிழையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2005-இல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து நிபுணர்களிடம் கொடுத்தது. விக்கிபீடியாவில் 162 பிழை. உடனே சிரிக்காதீங்க! பிரிட்டானிக்காவில் 123. (அந்தக் கணக்கே தப்பு என்று பிரிட்டானிக்கா மறுத்தது வேறு கதை.)

"பசங்க காப்பி அடிக்கிறாங்க" என்கிறார் தோழர். அடிக்கிறவன் கோனார் உரையிலும் அடிப்பான் ஐயா!

என் வகுப்பில் ஒரு பையன் கட்டுரை எழுதினான். சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராகத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' வெளிவந்த ஆண்டு 1910 என்று போட்டிருந்தான். என் அலமாரிப் புத்தகத்தில் 1934. சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுநாள் வந்தான்.

"ஐயா, 1934 இரண்டாம் பதிப்புங்க."

"எங்கே பார்த்தே தம்பி?"

"விக்கிபீடியாவுலங்க."

வந்ததே கோபம் எனக்கு! "முனைவர் பட்டம் வாங்கினவன் சொல்றேன், நீ அதைக் கொண்டாந்து காட்டுறியா?" என்றேன். பையன் பேசவில்லை. பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் எடுத்தான். முதல் பதிப்பின் தலைப்புப் பக்கம்! விக்கிபீடியாவில் ஆண்டைப் பார்த்தவன், சரிதானா என்று பழைய நூலகம் ஒன்றில் தேடிப்போய் எடுத்து வந்திருக்கிறான். அவன் அந்தப் பக்கத்தோடு நிற்கவில்லை. நான்தான் என் அலமாரியோடு நின்றுவிட்டேன்.

அதற்குள் மதிப்பெண் பட்டியல் அலுவலகத்துக்குப் போயாச்சு. திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டு ஓடினேன். எழுத்தர் கேட்டார்: "காரணம்னு என்னங்க ஐயா போடறது?"

"ஆசிரியர் பிழைன்னு போடுங்க" என்றேன்.