நிலம் இருந்தது, தண்ணீர் இல்லை: ஆலன்ஸ்வொர்த் என்றொரு குடியிருப்பு



நினைவுச் சொற்பொழிவுகளில் பெரும்பாலும் தலைவர்களைப் பற்றியே பேசுகிறோம். இன்று ஓர் ஊரைப் பற்றிப் பேசுவோம். கலிபோர்னியாவில், பேக்கர்ஸ்ஃபீல்ட் நகருக்கு வடக்கே இருக்கிறது ஆலன்ஸ்வொர்த். அதை ஊர் என்று சொல்லலாமா? நம் பக்கத்தில் 'ஊர்' என்றால் சேரி அதில் அடங்காது. அங்கே சட்டமே அப்படிச் சொல்கிறது: ஆலன்ஸ்வொர்த்துக்கு நகராட்சித் தகுதி கிடையாது. அதற்கென்று மேயரோ நகரமன்றமோ இல்லை. அது துலாரே மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது.

ஆலன் ஆலன்ஸ்வொர்த் 1842இல் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். எழுத்துக் கற்க முயன்றதற்காகச் சிறுவயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவர். உள்நாட்டுப் போரின்போது தப்பி, பின்னாளில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றின் மதகுருவாகி, 1906இல் லெப்டினென்ட் கர்னலாக ஓய்வு பெற்றார். ஆசிரியர் வில்லியம் பெய்ன் உள்ளிட்டோருடன் சேர்ந்து 1908இல் இந்தக் குடியிருப்பைத் தொடங்கினார். கறுப்பின மக்களே நிலம் வாங்கி, தாங்களே நடத்தும் ஊர் என்பதுதான் திட்டம். பள்ளிக்கூடம் எழுந்தது, கடைகள் வந்தன. கர்னலின் மனைவி ஜோசஃபின் தன் தாயின் நினைவாக நூலகம் ஒன்றைக் கொடுத்தார். ஆண்டுக்கொருமுறை சேரிக்கு நூலகம் கேட்டு மனு எழுதும் நாம் அந்த நூலகத்தைக் கடந்து போய்விட முடியாது.

ஆனால் நிலம் விற்ற நிறுவனம் தருவதாகச் சொன்ன தண்ணீர் வரவில்லை. பாசனத்துக்காக மக்கள் வழக்காட வேண்டியிருந்தது. ரயில் நிறுவனமோ நிலையத்தில் கறுப்பினத்தவரை அதிகாரியாக வைக்க மறுத்தது. 1914இல் பக்கத்து ஊரான ஆல்பாவுக்குக் கிளைப்பாதை போட்டதும் வியாபாரமும் அங்கே போனது. அதே ஆண்டு செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் மோதிக் கர்னல் இறந்தார். டஸ்கீகி போல ஒரு தொழிற்பள்ளி கேட்டார்கள்; அதையும் 1915இல் சட்டமன்றம் தரவில்லை. 1966இல் குடிநீரில் ஆர்செனிக் இருப்பது தெரிந்தது.

கர்னல் இறந்ததால் ஊர் அழிந்தது என்று சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. நாம் அதை ஏற்க முடியாது. 1892இல் அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களின் கதையை அறிந்தவர்கள் நாம். பட்டா யார் பெயரில் என்று பார்த்ததும், வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றும் பார்ப்போம்.

இந்த இடத்தின் புவியியலையும் கொஞ்சம் பாருங்கள். மிசிசிப்பிக்கு மேற்கே மிகப்பெரிய நன்னீர் ஏரியாக இருந்தது துலாரே ஏரி. ஆறுகளைப் பெரும்பண்ணைகளுக்குத் திருப்பியதில் அது வற்றியது. ஆலன்ஸ்வொர்த் அதன் பழைய கரையோரத்தில், தாழ்வான இடத்தில் இருக்கிறது. வறட்சியில் கிணறு வற்றும், மழையில் வெள்ளம் வரும். பழைய கட்டடங்கள் இன்று மாநில வரலாற்றுப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. பக்கத்தில் வாழும் சில நூறு பேரில் பெரும்பாலோர் இலத்தீன் அமெரிக்க வழிவந்த கூலித் தொழிலாளர் குடும்பத்தினர். ஆள் மாறியும் தண்ணீர்ப் பிரச்சினை மாறவில்லை.

2023 மார்ச்சில் ஏரி திரும்பி வந்தது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மதகு வழியே வெள்ளம் ஊருக்குள் வராதபடி குடியிருப்பு மக்கள் மணல்மூட்டை போட்டு அடைத்தார்கள். ரயில் நிறுவனம் அதை எடுக்கச் சொன்னது. பிறகு, கையில் கிடைத்த மண்வெட்டிகளோடும் இயந்திரங்களோடும் வேறிடத்தில் கரை கட்டத் தொடங்கினார்கள்.