நெஞ்சு பழுதா, கருவி பழுதா?

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், அறிவியலைப் பற்றி இளைஞர்களுக்குச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்தார்கள். பொதுப்படப் பேசிச் செல்வதினும், நான் பல்லாண்டு கைதொட்டுப் பழகிய ஒரு பொருளைப் பற்றிச் சொல்வதே பயன் தரும் எனக் கருதினேன். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கையில், உடலைக் கடந்து வரும் கதிரை ஏற்றுப் படமாக்கித் தருவது ஓர் உணர்தகடு. மருத்துவமனைகளில் அதனை 'டிடெக்டர்' என்பர். அத்தகட்டை எவ்வாறு சோதித்து மதிப்பிடுவது என்பதே என் பொருள்.

முதலில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ் கதிர்ப் பிரிவில் பணியாற்றிய காலம். போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் தங்கிக் காய் எடுக்கும் அம்மையார் ஒருவர் இருமலுக்காக வந்தார். படத்தில் வலப்பக்க நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு சிறு வெண்ணிழல் தெரிந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஆயினும் நிழல் இருக்கிறதே என்று மருத்துவர் மறுபடியும் வரச் சொன்னார். இரண்டாம் முறையும் அதே நிழல். மூன்றாம் முறை வந்தபோது அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, எம் நெஞ்சு கெட்டிருக்கா, ஒங்க மிசினு கெட்டிருக்கா?"

அக்கேள்வி என்னைச் சுட்டது. அன்று காலையில் எடுத்த மற்றவர் படங்களைத் திரையில் வரிசையாக இட்டுப் பார்த்தேன். ஒரு முதியவர் படத்திலும், ஒரு பள்ளிச் சிறுவன் படத்திலும், தகட்டின் அதே இடத்தில் மங்கலாக அதே வெண்புள்ளி இருந்தது. அவர்களுக்கு அது விலா எலும்பின் மீது விழுந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பின்பு ஆளே இல்லாமல், குழாயின் வாயில் ஓர் உலோகத் தகட்டை மட்டும் வைத்துப் படம் எடுத்தோம். சீராக ஒரே சாம்பல் நிறமாக வரவேண்டிய அப்படத்திலும் புள்ளி அமர்ந்திருந்தது. பழுது தகட்டினுடையது. அதனைச் சரிசெய்த பின் எடுத்த படத்தில் அம்மையாரின் நெஞ்சு மாசற்று விளங்கியது.

அதற்குள் அவர் மூன்று நாட் கூலியை இழந்திருந்தார். அதனினும் கொடிது ஒன்று உண்டு. காசநோய் என்னும் ஐயத்தால் லயத்தில் அவருக்குத் தனிக் குவளை வைத்துவிட்டார்கள். தனிக் குவளையின் பொருளை இந்த அவையினருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு கருவியைச் சோதியாமல் விட்டதன் பயன், ஒரு மனிதரைச் சோதனைக்கு உள்ளாக்கியது.

இனி, இத்தகடு எவ்வாறு வேலை செய்கிறது என்று காண்போம். 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் படத்தைப் பதித்தது பிலிம். 1980களில், கதிரின் பதிவைத் தன்னுள் தேக்கி வைத்து, லேசர் ஒளி பட்டதும் வெளியிடும் தகடுகள் வந்தன. 1990களில் தட்டைத் தகடுகள் தோன்றின. இவற்றில் பெரும்பாலானவற்றில் சீசியம் அயோடைடு என்னும் உப்பு ஊசி ஊசியாக வளர்க்கப்பட்டிருக்கும். கதிர் அதன்மேல் பட்டதும் ஒளி பிறக்கும். அவ்வொளியைக் கீழேயுள்ள சிலிக்கான் படலம் மின்னூட்டமாக மாற்றும். அது எண்ணாகிக் கணிப்பொறிக்குச் செல்லும். ஒரு புள்ளி ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர் அகலம் எனில், 43 சென்டிமீட்டர் அகலமுள்ள தகட்டின் ஒரு வரிசையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் இருக்கும். இத்தனை புள்ளிகளும் ஒரே உணர்வுடையன அல்ல. சில செத்தும் போகும். ஆகவே ஒவ்வொன்றின் குறைநிறையையும் அளந்து திருத்தும் கணக்கு ஒன்று கருவியினுள் இருக்கிறது. அக்கணக்கைக் காலந்தோறும் புதுப்பிக்காவிடில், நான் சொன்ன வெண்புள்ளி போன்றவை முளைக்கும்.

ஒரு தகடு நல்லதா என்று அறிவது எங்ஙனம்? விற்பவர் பளபளக்கும் படத்தைக் காட்டுவார். அதில் மயங்கலாகாது. நம் ஊரில் ஏலக்காய் வாங்குவோர் பச்சை நிறத்தைக் கண்ட மாத்திரத்தில் விலை பேசுவதில்லை. நிறம் ஏற்றப்படுவதும் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். சல்லடையில் இட்டுப் பருமன் பார்ப்பர். லிட்டர் எடை பார்ப்பர். கணிப்பொறியும் படத்திற்கு நிறம் ஏற்றவல்லது. விளிம்பைக் கூராக்கும், மங்கலை மறைக்கும். எனவே அம்மெருகினை நீக்கிவிட்டுத் தகடு தந்த மூலப் பதிவையே அளக்க வேண்டும். அளவைகள் மூன்று.

முதலாவது, கூர்மை. நேரான விளிம்புடைய டங்ஸ்டன் தகட்டைப் படம் எடுத்து, அவ்விளிம்பு எவ்வளவு கலங்குகிறது என்று கணக்கிடுவர். 0.14 மில்லிமீட்டர்ப் புள்ளியுடைய தகடு, மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரைக் கோட்டிணைகளுக்கு மேல் பிரித்துக் காட்ட இயலாது. எந்த விளம்பரமும் இவ்வெல்லையை மாற்றாது.

இரண்டாவது, இரைச்சல். மழை தூறும்போது முற்றம் திட்டுத் திட்டாக நனையும்; பெருமழையில் சீராக நனையும். கதிரும் துளித்துளியாகவே விழுகிறது. ஓரிடத்தில் சராசரி நூறு துளி விழுந்தால் ஏற்றத்தாழ்வு பத்து விழுக்காடு. பத்தாயிரம் விழுந்தால் ஒரு விழுக்காடு. கதிரைக் கூட்டினால் படம் தெளியும். நோயாளி ஏற்கும் கதிரும் கூடும்.

மூன்றாவது, பயன்திறன். இதுவே தலையாயது. வந்து சேர்ந்த கதிர் சுமந்திருந்த செய்தியில் எத்தனை பங்கு படத்தில் சேர்ந்தது என்பதே இதன் பொருள். அரசு அனுப்பிய உதவித்தொகையில் பயனாளியின் கையில் சேர்ந்தது எவ்வளவு என்று நாம் கேட்பதில்லையா? அதே கேள்விதான். இதனை அளக்கும் முறையை 2003ஆம் ஆண்டில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வரையறுத்தது. எல்லாத் தகடுகளுக்கும் ஒரே வகைக் கதிர், ஒரே அளவுகோல். ஒரு தகட்டின் திறன் 0.6, மற்றொன்றின் திறன் 0.3 எனில், அதே தெளிவைப் பெற இரண்டாவதற்கு இருமடங்கு கதிர் வேண்டும். அந்த இருமடங்கை ஏற்பது நோயாளியின் உடல்.

அச்சம் கொள்ள வேண்டா. ஒரு நெஞ்சுப் படத்தின் கதிரளவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். இயற்கையில் மனிதர் ஓராண்டில் ஏற்பது உலகச் சராசரியாக 2.4. அதாவது, ஒரு படம் மூன்று நாள் இயற்கைக் கதிருக்குச் சமம். நோயை அறியத் தேவையெனில் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். தேவையின்றித் திரும்பத் திரும்ப எடுப்பதையே கேள்வி கேட்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிலிமில் கதிர் மிகுந்தால் படம் கறுத்துவிடும். தவறு உடனே தெரியும். புதிய தகட்டில் கதிர் மிகுந்தாலும் கணிப்பொறி அதைத் திருத்தி அழகாகவே காட்டும். படம் நன்றாக வருகிறதே என்று பணியாளர் நாளடைவில் கதிரைக் கூட்டிக்கொண்டே போவதுண்டு. இதனைக் காட்டிக்கொடுக்க 2008இல் ஒரு குறியீட்டு எண் வகுக்கப்பட்டது. அந்த விலகல் எண் சுழியாக இருந்தால் கதிர் சரியளவு. கூட்டல் மூன்று எனில் ஏறத்தாழ இருமடங்கு. கழித்தல் மூன்று எனில் ஏறத்தாழப் பாதி. அவ்வெண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும்.

இவ்வளவும் ஆய்வுக்கூடத்து அளவைகள். இறுதிச் சோதனை மனிதரிடத்தில். நோயுள்ளோர், நோயற்றோர் படங்களைக் கலந்து, விடை தெரியாத மருத்துவர்களிடம் தந்து படிக்கச் செய்ய வேண்டும். நோயுள்ளவரில் எத்தனை பேரைக் கண்டார்கள், நோயற்றவரில் எத்தனை பேரை வீணே ஐயுற்றார்கள் என்று இரண்டையும் எண்ண வேண்டும். விடுபட்டவர் மருந்தின்றி வாடுவார்; வீணே ஐயுறப்பட்டவருக்குத் தனிக் குவளை வைக்கப்படும்.

நம் நாட்டில் இது சிறு செய்தியன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில், எக்ஸ் கதிர்ப் படம் சேர்க்கப்படாதிருந்தால் 42.6 விழுக்காட்டு நோயாளிகள் கண்டறியப்படாமலே போயிருப்பர் என்று தெரிந்தது. இருமலோ காய்ச்சலோ இல்லாத உடலிலும் நோய் ஒளிந்திருந்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் தொடங்கிய நூறுநாள் இயக்கத்தில், கையில் ஏந்திச் செல்லத்தக்க எக்ஸ் கதிர்க் கருவிகள் ஊர்களுக்கே சென்றன. மருத்துவமனைக்கு வர இயலாதவரிடம் கருவியே செல்வது நல்வாய்ப்பு. ஆனால் கரடுமுரடான பாதையில் குலுங்கியும், மழையிலும் பனியிலும் நனைந்தும் செல்லும் கருவியை அடிக்கடி சோதிப்பது இரட்டிப்புக் கடமையாகிறது.

முறையாகச் சோதித்தலால் ஏழைக்கு நன்மை விளையும் என்பதற்குத் தமிழகமே சான்று. 1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. அங்கே 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு வீட்டிலும் மறுசாராருக்குச் சானடோரியத்திலும் மருத்துவம் செய்தனர். குடிசையில் வாழும் ஏழைக்கு வீட்டில் மருந்து பலிக்குமா என்று பலர் ஐயுற்றனர். 1959இல் வெளிவந்த முடிவு, வீட்டிலும் ஏறத்தாழ அதே அளவு குணம் கிட்டுகிறது என்று காட்டியது. படுக்கை கிடைக்காத ஏழையையும் குணப்படுத்தலாம் என்பதைச் சொற்போர் நிறுவவில்லை, அளவை நிறுவியது.

இளைஞர்களே, பண்டித அயோத்திதாசர் சித்த மருத்துவர். 1907இல் இதழ் தொடங்கி ஆராய்ந்து எழுதிய அறிஞர். மருத்துவமும் ஆராய்ச்சியும் நமக்குப் புதியன அல்ல. நூற்றாண்டுகளாக நம்மைப் பிறர் மதிப்பிட்டார்கள். அளந்து பார்த்து மதிப்பிடவில்லை; பிறப்பைச் சொல்லி முடிவு கட்டினார்கள். ஆகவே எல்லார்க்கும் ஒரே அளவுகோல் என்பதன் அருமையை நம்மினும் அறிந்தவர் யார்?

எக்ஸ் கதிர்ப் பணியாளர் பட்டம், மருத்துவ இயற்பியல் ஆகிய படிப்புகள் நம் மாநிலத்திலேயே உள்ளன. 1934இல் நிறுவப்பெற்ற பர்னார்டு கதிரியல் நிலையம் சென்னையில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் மருத்துவ இயற்பியல் கற்பிக்கிறது. மேற்படிப்புக்கான உதவித்தொகை பெறும் வழியைக் கழகத்தார் காட்டுவார்கள். மருத்துவர் ஆவதும் பொறியாளர் ஆவதுமே உயர்வு என எண்ணி இத்துறையை விட்டுவிடாதீர்கள்.

மற்றையோருக்கும் ஒரு வேண்டுகோள். படம் எடுக்கச் செல்லும்போது பணிவாகக் கேளுங்கள்: இக்கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் உண்டா? கடைசியாகச் சோதித்தது எப்போது? கேட்பது குற்றமன்று, அது நம் உரிமை.

அந்த அம்மையார் பள்ளிக்கூடம் கண்டவரல்லர். ஆயினும் துறை கற்ற நான் கேட்க மறந்ததை அவர் கேட்டார். நாளை ஏலமலையிலிருந்து இறங்கி வரும் ஒரு தாய் அதே கேள்வியைக் கேட்கும்போது, "இருங்கம்மா, கருவியைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுந்து சென்று அளந்து வரும் கை, இக்கழகத்தில் கற்ற பிள்ளையின் கையாக இருக்கட்டும்.