பழைய படச்சுருளைப் படியெடுத்த கதை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நமது காலனியில் வாழும் பெரியவர் ஒருவர், இளமையில் தாராவியில் குடியிருந்து துறைமுகத்தில் உழைத்தவர். ஒரு ருஷ்யக் கப்பல் மாலுமியிடம் ‘ஹொரைசான்ட்’ என்னும் காமிராவை வாங்கினார். 1967 முதல் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட இக்காமிராவில் வில்லை ஒரு புறமிருந்து மறுபுறம் சுழன்று 120 பாகைக் காட்சியைப் பிடிக்கும். வழக்கமான படம் 36 மில்லிமீட்டர் அகலமெனில், இதன் படம் 58 மில்லிமீட்டர். அக்காமிராவால் அவர் 1974ஆம் ஆண்டுப் பொங்கலன்று தம் சால் வாயிலில் பானைகளும் மக்களும் வரிசையாய் நிற்பதைப் படமெடுத்தார். நேராக நின்ற வரிசை, படத்தில் வில்லாய் வளைந்து, நடுவிலிருப்போர் பெரியோராகவும் ஓரத்தார் சிறியோராகவும் தோன்றுகின்றனர். அது அக்காமிராவின் இயல்பு.

பின்னாளில் ஒரு கடையில் பிரதி எடுக்கக் கொடுத்தபோது, கடைக்காரர் வழக்கமான அளவென எண்ணிச் சுருளைக் கத்தரித்துவிட்டார். கத்தரி சென்றது பெரியவருடைய அன்னையாரின் கன்னத்தின் வழியே. அந்த அம்மையாருக்கு வேறு படமே இல்லை. “தம்பி, அம்மையைச் சேர்த்துத் தா” என்று அவர் இரு துண்டுகளையும் எங்களிடம் தந்தார்.

எங்கள் இல்லத்தில் மேசை ஸ்கேனர் ஒன்றுண்டு. மூடியிலும் விளக்குள்ள வகை. அஃதில்லாதவை நெகட்டிவுக்கு உதவா. முதல் நாள் தோல்வியே. கருவி தானாகவே 36 மில்லிமீட்டர்க்கு ஒன்றாகப் படத்தை நறுக்கிற்று. கடைக்காரர் செய்ததையே அதுவும் செய்தது! அந்தத் தானியங்கு வசதியை நிறுத்தி, முழுப் பரப்பையும் முன்னோட்டம் பார்த்து, எல்லையை நாங்களே வகுத்தோம். மும்பை மழைக்காலத்து ஈரத்தில் சுருண்டிருந்த பிலிமைக் கனத்த புத்தகத்தின்கீழ் இரண்டு நாள் வைத்து நிமிர்த்தினோம். பிலிம் கண்ணாடியைத் தொட்டால் வானவில் வளையங்கள் விழும். ஆகவே சட்டத்தில் பொருத்தினோம். அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் முறை கறுப்பு வெள்ளைப் பிலிமில் பயன்படாது; அதிலுள்ள வெள்ளி அவ்வொளியை மறைத்துவிடும். ரப்பர் ஊதியால் ஊதியே துடைத்தோம். இரு துண்டுகளுக்கும் ஒரே ஒளியளவை நிலைநிறுத்தினோம். இன்றேல் ஒரு கன்னம் வெளுத்தும் ஒரு கன்னம் கறுத்தும் போகும். அங்குலத்துக்கு 2,400 புள்ளி வீதம், முழுப் படத்தின் அகலம் ஏறத்தாழ 5,480 புள்ளிகள்.

துண்டுகளை ஒட்டுவது புதுமையன்று. 1858ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரர் லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்து அடித்தளக் கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கணினியில் எங்களுக்கு இரண்டே துண்டு!

ஆயினும் கத்தரி பட்ட விளிம்பு நைந்திருந்தது. இரண்டையும் பொருத்தியபின் மயிரிழை அகலத்துக்கு ஓர் இடைவெளி நின்றது. “கணினியே நிரப்பிவிடும், ஒருவரும் அறியார்” என்றான் எங்கள் மகன். நிரப்பியும் காட்டினான், அழகாகவே இருந்தது. எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. ரயில்வே அலுவலகத்தில் கிழிந்த பேரேட்டுக்கு ஊகத்தால் எண் எழுதிப் பழகியவரல்லேம். எனினும் அன்னை அவருடைய அன்னை. இரு படங்களையும் பெரியவர் முன் வைத்தோம். நெடுநேரம் பார்த்தார். கோடுள்ள படத்தைக் கையிலெடுத்து, “இது அம்மை. அது யாரோ” என்றார்.

படத்தில் முப்பத்தொருவர் உள்ளனர். பெரியவர் சொல்லச் சொல்ல இருபத்து மூவர் பெயரைப் பிரதியின் பின்புறம் பென்சிலால் எழுதினோம். எண்மர் பெயர் தெரியவில்லை. அப்பிரதி இம்மண்டபத்து வாயிலில் மாட்டப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் தாராவியில் வாழ்ந்த தாய்மார்களும் பெரியோர்களும் வீடு திரும்புமுன் அருள்கூர்ந்து சிறிது நின்று பாருங்கள். பென்சிலும் அங்கேயே கட்டித் தொங்குகிறது.