வணிகர் எடுத்த மாடங்கள்

(விழா அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



புதுக்கோட்டைச் சீமையில் செல்வ வணிகர் வாழ்ந்த மாளிகை என்றவுடன் நம்மிற் பலர் கடியாபட்டியையும் இராயவரத்தையும் நினைப்பர். தேக்குத் தூண்களும் வழவழப்பான சுண்ணச் சுவர்களும் கொண்ட அந்நகரத்தார் இல்லங்கள் காணத்தக்கனவே. ஆயினும் அவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், பர்மாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளால் எழுந்தவை. யான் பேச வந்தது அவற்றுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் முற்பட்ட வணிகரைப் பற்றி. அவர்தம் வீடுகள் எங்கே?

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைக் கடந்தால் கொடும்பாளூர் வரும். மூவர் கோயிலைப் பார்க்க வருவோர் இறங்கி, அரைமணி நேரத்தில் திரும்பிவிடுவர். கவுந்தியடிகளோடு உறையூரை நீங்கிய கோவலன் மதுரைக்கு வழி வினவியபோது, மாங்காட்டு மறையோன் அடையாளமாகச் சொன்ன ஊர் இதுவே; இவ்வூர்க் குளத்தைக் கடந்தால் வழி மூன்றாகப் பிரியும் என்கிறது சிலப்பதிகாரம். வழி பிரியும் இடத்தில் வணிகர் தங்குவது இயல்பு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என ஒரு வணிகக் குழுவினர் பேசப்படுகின்றனர். மணிக்கிராமத்தார் கடல் கடந்தும் சென்றவர்கள். தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வெட்டிய ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விட்டதைக் கூறும்.

இவ்வளவு பொருள் படைத்தவர் குடிசையில் வாழ்ந்திருக்க மாட்டார். கோவலன் இல்லத்தையே இளங்கோவடிகள் பல நிலை மாடமாகக் காட்டுகிறார். மணமக்கள் நடுநிலையில் இருந்து, தென்றல் வரும் சாளரத்தைக் கண்டு, மேல்நிலைக்கு ஏறுகின்றனர். அது புகார். கொடும்பாளூரிலோ வணிகர் மாடம் ஒன்றேனும் இன்று நிற்கவில்லை. வெனிஸ் நகரத்தில் 13ஆம் நூற்றாண்டு வணிகரின் வீடுகள், கீழே பண்டசாலையும் மேலே உறைவிடமுமாக, கால்வாய்க் கரையில் இன்றும் நிற்கின்றனவே என்று கேட்கலாம்.

காரணம் இரண்டு. ஒன்று, கட்டிய பொருள். நம் நாட்டில் கருங்கல் இறைவனுக்கும் பள்ளிக்கும் உரியதாயிற்று. மனிதர் மண், மரம், செங்கல் ஆகியவற்றால் வீடு கட்டினர். மரத்தைக் கறையான் கொண்டது. செங்கல்லைப் பின்வந்தோர் பெயர்த்துத் தம் சுவருக்குப் பயன்படுத்தினர். மற்றொன்று, உரிமை. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கும் உரிமையைப் பல்லவர், சோழர் செப்பேடுகள் பிரமதேயங்களுக்குத் தனிச் சலுகையாகவே வழங்குகின்றன. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிற் கல்வெட்டொன்று, கொங்குநாட்டுக் கம்மாளர் தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசன் ஆணையிட்டதைக் கூறுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் ஓலை வேண்டியிருந்த காலம் அது! செல்வம் இருந்தால் மட்டும் மாளிகை எழுந்துவிடாது.

எனவே அவர் எடுத்தவற்றுள் நிலைத்தவை வேறிடத்தில் உள்ளன. குளத்தூர் வட்டாரத்துச் செட்டிபட்டிக்கு உங்களை அழைக்கிறேன். அங்குச் சமணர் குண்டு என மக்கள் வழங்கும் இடத்தில் நம் கோயிலின் இடிபாடுகள் உள்ளன. 10, 11ஆம் நூற்றாண்டு எழுத்தில் அங்குள்ள கல்வெட்டு அதன் பெயரைத் தருகிறது: திருவெண்ணாயில் ஐந்நூற்றுவப் பெரும்பள்ளி. அரசன் பெயரும் இல்லை, தனி ஒருவர் பெயரும் இல்லை. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் பெயரே பள்ளியின் பெயர். கன்னட நாட்டு ஐயாவொளேயைத் தாயகமாகச் சொல்லிக்கொண்ட குழு அது. இதே மாவட்டத்து முனசந்தையிலும் அவர்களுடைய கல்வெட்டு உண்டு.

அச்செட்டிபட்டியிலேயே மற்றொரு கல்வெட்டு மதிசாகரர் என்னும் ஆசாரியரை, தயாபாலர், வாதிராசர் இருவருக்கும் குருவாகக் குறிக்கிறது. வாதிராசரை நாம் அறிவோம். சாளுக்கிய மன்னன் சயசிம்மன் காலத்தில், 1025இல், பார்சுவநாத சரிதத்தை வடமொழியில் இயற்றியவர். தயாபாலர் ரூபசித்தி என்னும் இலக்கணம் செய்தவர். மிளகும் துணியும் சென்ற வழியே நூலும் துறவியரும் சென்றுவந்தனர். அவ்வழியில் மழைக்காலத்தில் துறவியர் தங்க ஓர் இடம் வேண்டும். தங்கிய இடத்தில் பாடம் நடக்கும். அதற்காக எழுந்ததே பெரும்பள்ளி.

இதைக் கொண்டு ஐந்நூற்றுவர் அனைவரும் சமணரே என்று மார்தட்டுவது பொருந்தாது. அண்டை மாவட்டத்துப் பிரான்மலைச் சிவன் கோயிலில் அவர்களுடைய 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, சுக்கு, பஞ்சு, நூல், இரும்பு, தேன், சந்தனம், அகில் என்று பண்டங்களை வரிசையாக எண்ணி, பொதிக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு விதிக்கிறது. நம் கடைவீதிகளில் மகமை என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். ஒருவன் கொடுத்தால் தெரியாத சிறு தொகை. ஊர்ஊராகச் சேர்ந்தால் ஒரு கற்றளி. பெரும்பள்ளிக்கும் இத்தகைய வழியிலேயே பொருள் வந்திருக்கும் என்பது என் துணிபு.

நம் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. போளூரை அடுத்த திருமலைக்கு நீங்கள் பலமுறை சென்றிருப்பீர்கள். அங்குக் குந்தவை சினாலயத்தில், இராசேந்திர சோழனின் ஆட்சியில், மல்லியூர் வியாபாரி நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை நந்தாவிளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் அளித்தாள். அவள் வாழ்ந்த வீடு எப்படிப்பட்டது, எத்தனை கட்டு, யாருக்குத் தெரியும்? விளக்குக்குக் கொடுத்த காசின் கணக்கு மட்டும் ஆயிரம் ஆண்டாகக் கல்லில் இருக்கிறது. பொருள் வரைதல் என்று நம் இல்லற விரதங்களில் ஒன்றைச் சொல்கிறோம். வரைந்ததற்கு மேற்பட்டது எங்கே போயிற்று என்பதற்கு இக்கல்வெட்டுகளே கணக்கேடு.

இப்போது கவலைக்குரியதைச் சொல்ல வேண்டும். வட ஆர்க்காட்டில் நம் சினாலயங்களில் பூசை நடக்கிறது. புதுக்கோட்டைப் பகுதியில் நம் குடிகள் மறைந்தன. அங்குச் சில சிற்றூர்களில் தீர்த்தங்கரரை மொட்டைப் பிள்ளையார் என்று வணங்குகின்றனர். அன்போடு எண்ணெய் சார்த்தும் அவ்வூர் மக்களுக்கு நாம் நன்றிதான் சொல்ல வேண்டும், அவர்களால்தான் திருமேனி மிஞ்சியது. ஆனால் சிலைக்குக் கிடைத்த காவல், மேட்டுக்குள் கிடக்கும் செங்கல்லுக்குக் கிடைக்காது. ஏர் உழுதாலும் மண் அள்ளினாலும் அது போய்விடும். வணிகரின் வீட்டைப் பற்றி இனி ஏதேனும் தெரியவேண்டுமானால், கொடும்பாளூரிலும் செட்டிபட்டியிலும் பள்ளியைச் சூழ்ந்த அந்நிலத்தடியிலிருந்துதான் தெரியவேண்டும்.

வந்தவாசியிலிருந்தும் ஆரணியிலிருந்தும் ஆண்டுதோறும் சித்தன்னவாசலுக்குப் புறப்படும் வண்டிகள், ஓவியத்தைப் பார்த்து, ஏழடிப்பாட்டத்தில் ஏறி இறங்கி, அன்றே திரும்பிவிடுகின்றன. அடுத்த பயணத்தில் ஒருநாள் கூட்டிக்கொள்ளுங்கள். காலையில் செட்டிபட்டி, பிற்பகலில் திருக்கோகர்ணத்து அரசு அருங்காட்சியகம். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள், பிள்ளைகளையும்.