கூரையில்லாத் தொழிற்சாலை



காற்று எல்லார்க்கும் பொது என்று சொல்லிச் சொல்லியே நம்மைப் பழக்கிவிட்டார்கள். மாளிகையிலே இருப்பவனும் அதைத்தான் இழுக்கிறான், மண் சுமப்பவனும் அதைத்தான் இழுக்கிறான். இதிலே ஏது உயர்வு தாழ்வு என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு இனிய பேச்சுத்தான். கணக்குப் பார்த்தால் நில்லாது.

ஓய்ந்து அமர்ந்திருப்பவன் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்வாங்குகிறான். செங்கல் சுமந்து சாரம் ஏறுகிறவனுக்கு, பாரம் ஏற்றிய கைவண்டியை மேட்டில் தள்ளுகிறவனுக்கு, 40 லிட்டரும் போதாமற் போவதுண்டு. மூக்கால் விடும் மூச்சுப் போதாமல் வாயைத் திறக்கிறான். மூக்கு என்னும் வடிகட்டி வேலையற்றுப் போகிறது. ஒரே தெரு, ஒரே காற்று. உள்ளே போகும் நஞ்சோ ஐந்து மடங்கு!

டீசல் புகையிலும், நிலக்கரிப் புகையிலும், எரியும் குப்பையிலும் பிறக்கும் நுண்துகளே அந்த நஞ்சு. தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு, 2.5 மைக்ரான். அதனினும் சிறியவை குருதியிலும் கலந்துவிடும். ஆகவேதான் இருமலோடு நில்லாமல் மாரடைப்பும் பக்கவாதமும் வருகின்றன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012இல் அறிவித்தது. மறு ஆண்டே மாசுற்ற வெளிக்காற்று முழுவதையும் அதே பட்டியலில் சேர்த்தது. கைக்குட்டையை முகத்திலே கட்டிக்கொள் என்று புத்தி சொல்வோர் உண்டு. தூசியைத் தடுக்கும் துணி, இந்த நுண்துகளைத் தடுக்காதே, ஐயா!

புதிதாகக் கண்ட செய்தியா இது? 1952 டிசம்பரில் லண்டன் மாநகரைப் புகைப்பனி ஐந்து நாள் மூடியது. ஏறத்தாழ நாலாயிரம் பேர் மாண்டனர் என்று அன்றைக்கே கணக்கிட்டனர். 1958இல் ஃபேர்பெர்ன், ரீட் என்னும் ஆய்வாளர் இருவர், அந்நாட்டுத் தபால்காரர்களின் நோய்ப் பதிவேடுகளைப் புரட்டினர். பனிமூட்டம் மிகுந்த வட்டாரங்களிலே பை சுமந்து நடந்தவர்கள்தாம் மார்ச்சளி நோயால் மிகுதியாக வேலை இழந்தனர் என்று காட்டினர்.

நம் நாட்டுத் தலைநகருக்கு வருவோம். ஒரு கன மீட்டர் காற்றில் இந்த நுண்துகள் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று 2009இல் நம் அரசினரே எல்லை வகுத்தனர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் கூறிய அளவோ வெறும் 5. டில்லியோ அந்த 40ஐயும் இருமடங்குக்கு மேல் தாண்டி நிற்கிறது. குளிர்காலத்தில் காற்று மிகக் கெட்டதும் கட்டட வேலையை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தட்டும், தூசி குறைய வேண்டியதே. ஆனால் அன்றைய கூலி? சாரத்தில் ஏறினால் நெஞ்சு எரிகிறது, இறங்கினால் வயிறு எரிகிறது!

பணம் இல்லையா? 1996ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது முதலே, கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தொழிலாளர் நலனுக்கென்றே வசூலிக்கிறார்கள். அந்த நிதியிலிருந்து வேலையிழந்த நாளுக்குப் பிழைப்பூதியம் கொடுங்கள் என்று 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மூன்றாண்டு கழித்து, 2024 டிசம்பரில், ஏன் முழுதும் கொடுக்கவில்லை என்று தலைமைச் செயலாளர்களை அழைத்துக் கேட்க வேண்டியதாயிற்று. அதுவும் பதிவு பெற்றவனுக்குத்தான். பீகாரிலிருந்து நேற்று வந்திறங்கியவன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

தெருக்கூட்டுபவள், போக்குவரத்துக் காவலர், நடைபாதையில் காய்கறி விற்பவள் ஆகியோருக்கு அந்த நிதியும் இல்லை. ஆலைக்குள்ளே தொழிலாளி மூச்சுவிடும் காற்றில் இன்ன பொருள் இவ்வளவுக்கு மேல் இருக்கலாகாது என்று, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987இல் அட்டவணை சேர்த்தனர். 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்பு வந்தது. எது வந்தென்ன? நாற்சந்தியில் நாளெல்லாம் நிற்பவருக்கு அப்படி ஓர் அட்டவணை இல்லை. சுவர் இருந்தால் சட்டம் நுழைகிறது. சுவரற்ற இடத்தில் புகை மட்டும் நுழைகிறது!

தெருவும் பணியிடமே என்று சட்டத்தில் எழுதச் சொல்வோம். தெருவில் உழைப்போர்க்கு ஆண்டுக்கொரு முறை நுரையீரல் சோதனை இலவசமாக வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் வயதோடு தொழிலையும் குறிக்க வேண்டும். அக்டோபர் பிறந்தால் டில்லியில் காற்று கனக்கத் தொடங்கும். அதற்கு முன்பே, பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அதிகாரி சாரத்தின் அடிக்கு வரட்டும். ஒரு நாள் கூலியை இழந்து, அலுவலக வாயிலிலே தொழிலாளி காத்து நிற்கும்படி வைக்க வேண்டாம்.