வளவும் நாயும்

யாழ்ப்பாணத்து வளவுகளிலே கிணற்றடிக்கு ஓரிடம், மாட்டுக்கு ஒரு கொட்டில், வாழைக்கு ஒரு பாத்தி என யாவும் வகுக்கப்பட்டிருக்கும். இரவெல்லாம் அவ்வளவைக் காக்கும் நாய்க்கோ, பல வீடுகளில் ஒரு கம்பமும் சங்கிலியுமே உண்டு.

மனிதரைப்போல் நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே அது தன் சூட்டைத் தணிக்கின்றது. காலையில் நிழலாயிருந்த கம்பத்தடி நண்பகலில் வெயிலாகிவிடும். கட்டுண்ட நாய் நிழலைத் தொடர்ந்து செல்ல இயலாது. அவ்வெப்பம் அதன் உயிரையே போக்கவுங்கூடும்.

ஆதலின், முதலில் வேலிப் பொட்டுக்களை அடைத்துப் படலையைச் சாத்திவைத்தல் வேண்டும். பின்னர்ச் சங்கிலிக்குத் தேவை குறையும். மழைநீர் தேங்காத மேட்டிலே, கிடுகு வேய்ந்த சிறு கொட்டிலொன்று போதும். அருகே கவிழாத சட்டியில் நீர் இருத்தல் அவசியம். வேலியோரமாக நாய் சுற்றிவரும் தடத்திலே செடி நடலாகாது. அலரி நஞ்சுடையது, அதன் இலையும் காயும் நாயின் வாய்க்கு எட்டலாகாது. கட்டில்லாத கிணற்றுக்குக் கட்டு எழுப்புதல் பிள்ளைகளுக்கும் நன்று.

கொட்டிலை எங்கே அமைப்பது? அவிழ்த்துவிடப்பட்ட நாய் நண்பகலில் தானே தேடிப் படுக்கும் இடத்தைச் சில நாட் பார்த்தறிந்து, அங்கே அமைப்பவரே நல்ல வீட்டுக்காரர்.