மாமாவின் கழுத்தில் வளர்ந்த எலும்பு

(எமது சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. புத்தாண்டு மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். இங்கே சான்ட்விச் செய்யும் பக்ரறி ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். வைத்தியம் பற்றிக் கதைக்க இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு பிழை நடந்தது. அதில் பெரிய பங்கு என்னுடையது. அது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் எழும்பி நிற்கிறேன். என் மாமனாரைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். "சொல்லுங்கோ தம்பி, ஆருக்காவது உதவும்" என்றார்.

மாமா 1991ஆம் ஆண்டு லண்டனுக்கு வந்தவர். இருபது வருடத்துக்கு மேல் பெற்றோல் செற்றில் இரவில் நின்றவர். சீனி வருத்தமும் உண்டு. 2022ஆம் ஆண்டு, அவருக்கு 69 வயது. எங்களோடு இருந்து சாப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார். கேட்டால், "நான் முந்தியே சாப்பிட்டிட்டன்" என்பார். பிட்டு என்றால் சொதியை அள்ளி விட்டுக் கஞ்சி மாதிரிக் கரைத்துக் குடிப்பார். தேத்தண்ணி குடிக்கும்போது புரைக்கேறும். மாமி உச்சியில் தட்டி, "ஊரில ஆரோ நினைக்கினம்" என்பா. நாங்களும் சிரிப்போம். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ற்றில் புது ஓட்டை போட்டார். அப்போதும் வயசு போகுது, சீனி வருத்தம் என்றுதான் நினைத்தோம்.

ஜீ.பி.யிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரவு வேலை முடிந்து நித்திரை இல்லாமல் போனவன். மாமா சொன்னது: "தொண்டைக்குள்ள தடக்குது, சோறு இறங்குதில்லை." நான் ஆங்கிலத்தில் சொன்னது: தொண்டை நோகுதாம். டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு நோவுக்குக் குளிசை தந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் சொன்ன வருத்தத்துக்குத்தானே மருந்து தந்தார். அந்த ஒரு சொல்லால் ஏழு மாதம் வீணாகப் போச்சுது.

2023இல் மறுபடி போகவேண்டி வந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. மனைவி கூடப் போனா. அவ முன்கூட்டியே கேட்டு வைத்தபடியால் ரெலிபோனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தா. முகம் தெரியாத அந்த அம்மாவிடம் மாமா எங்களுக்குச் சொல்லாதது எல்லாம் சொன்னார். இறைச்சியும் பாணும் தொட்டு ஒரு வருடம். குளிசைகள் தடக்குவதால் பாதியை ரொய்லற்றுக்குள் போடுகிறார். இது கான்சர்தான், பிள்ளைகளுக்குச் சொல்லி ஏன் அவர்களையும் வருத்துவான் என்று தனக்குள் வைத்திருந்திருக்கிறார். மனைவி அந்த அறையிலேயே அழுதுவிட்டா.

விழுங்கக் கஷ்டம் என்று சரியாகச் சொன்னதும் அலுவல் கெதியாக நடந்தது. கான்சரா என்று பார்க்கக் கமரா விட்டார்கள். கான்சர் இல்லை. ஆனால் தொண்டையின் பின்சுவர் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. எக்ஸ்றேயும் ஸ்கானும் காரணத்தைக் காட்டின.

எங்கள் கழுத்தில் 7 முள்ளென்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு நேர் முன்னால் தொண்டையும், உயிரியல் பாடத்தில் களம் என்று படித்தோமே, அந்த உணவுக்குழாயும் இருக்கின்றன. மாமாவுக்கு அந்த முள்ளென்புகளின் முன்பக்கத்தில், மெழுகுதிரி உருகி வழிந்து இறுகினதுபோல, எலும்பு வளர்ந்து தொண்டையை நெரித்துக்கொண்டிருந்தது. இதைச் சுருக்கமாக 'டிஷ்' என்கிறார்கள். பிரான்ஸ் நாட்டு டொக்டர் ஃபொரெஸ்ரியர் 1950இல் இதை விவரித்து எழுதியபடியால் அவருடைய பெயராலும் அழைப்பார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களிலும், சீனி வருத்தம் உள்ளவர்களிலும் கூடுதலாகக் காணப்படுகிறது. தொற்று வருத்தம் இல்லை. பலருக்கு ஒரு கரைச்சலும் தராது. சிலருக்குத்தான் சாப்பாட்டை மறிக்கும்.

உடனே வெட்டவில்லை. பேரியம் கலந்த பானத்தை விழுங்க வைத்து, அது இறங்குவதை எக்ஸ்றேயில் படம் பிடித்தார்கள். கொஞ்சம் மூச்சுக்குழாய்ப் பக்கம் போவது தெரிந்தது. விழுங்குவதற்குப் பயிற்சி கொடுப்பவர், மசித்த சாப்பாட்டை நிமிர்ந்து இருந்து சின்னச் சின்ன வாயாகச் சாப்பிடப் பழக்கினார். சிலருக்கு அதுவே காணும். மாமாவுக்குக் காணவில்லை. 2024 தை மாதம் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவாகி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதன் பிறகுதான் ஒப்பரேஷன் என்ற கதை வந்தது.

சத்திரசிகிச்சை நிபுணர் ஒன்றையும் மறைக்கவில்லை. குரல் நரம்பு பாதித்தால் குரல் அடைக்கலாம். களத்தில் ஓட்டை விழலாம். உள்ளே இரத்தம் கட்டலாம். முதல் நாட்களில் விழுங்குவது இன்னும் மோசமாகலாம். வருடங்கள் போக எலும்பு திரும்பவும் வளரலாம். குரல் என்றதும் மாமாவின் முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் ஊரிலுள்ள அக்காவோடு கதைப்பவர். அவவுக்குக் காது மந்தம், கத்தித்தான் கதைக்க வேணும். அன்று மொழிபெயர்த்தது நானாக இருந்தால் அந்தக் குரல் கதையை அப்படியே விட்டிருப்பேன். மாமா இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "பட்டினி கிடந்து செத்தால் குரல் இருந்து என்ன" என்று கையெழுத்து வைத்தார். எல்லாம் தெரிந்து வைத்த கையெழுத்து.

எலும்பு மறிப்பதால் மயக்க மருந்து டொக்டர் கமராவின் உதவியோடுதான் சுவாசக் குழாயை இறக்கினார். கழுத்தின் இடப்பக்கம் வெட்டி, பெரிய இரத்தக் குழாயை ஒரு பக்கமும் களத்தை மற்றப் பக்கமும் ஒதுக்கிப் பிடித்து, வளர்ந்த எலும்பைச் சின்னத் துரப்பணத்தால் அராவி எடுத்தார்கள். ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். சில நாள் மூக்கு வழியாகக் குழாயில்தான் சாப்பாடு. குரல் ஆறு கிழமை கரகரத்தது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அக்கா முதல் ஞாயிறு, "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டாவாம்.

இப்போது மாமா எங்களோடு மேசையில் இருந்து பிட்டும் சொதியும் சாப்பிடுகிறார். கன நேரம் எடுக்கும். வறண்ட சாப்பாடு இன்னும் சரிவராது. ஆனால் ஏழு கிலோ கூடியிருக்கிறார்.

அன்பானவர்களே, விழுங்கக் கஷ்டப்படும் எல்லோருக்கும் இந்த எலும்புதான் என்று நான் சொல்ல வரவில்லை. காரணங்கள் பல. அதைக் கண்டுபிடிப்பது டொக்டரின் வேலை. எங்கள் வேலை வேறு. சாப்பாடு தடக்கினால், அடிக்கடி புரைக்கேறினால், காரணமில்லாமல் மெலிந்தால், தள்ளிப்போடாமல் போங்கள். மூச்சு முட்டினால், எச்சிலையே விழுங்க முடியாவிட்டால் உடனே 999. குளிசை இறங்காவிட்டால் எறியாதீர்கள், பார்மசியில் கேளுங்கள். நாள் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்குக் காசு இல்லை. பிள்ளைகளும் மருமக்களும் கூடப் போகத்தான் வேணும், ஆனால் கையைப் பிடிக்க.

வருகிற வருடப்பிறப்பன்று எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். அப்போது உங்கள் வீட்டுப் பெரியவரின் கோப்பையையும் ஒருக்கால் பாருங்கோ. "முந்தியே சாப்பிட்டிட்டன்" என்று சொன்னால் நம்பாதேங்கோ.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.